பழைய காரின் பிரேக்: ஓடிய தூரமும் கடந்த ஆண்டுகளும்

மலைப்பாதையில் ஒரு கார் பள்ளத்தில் இறங்கினால், மறுநாள் செய்தியில் ‘பிரேக் பிடிக்காததால் ஓட்டுநரின் கட்டுப்பாட்டை இழந்து’ என்று ஒரு வரி வருகிறது. அந்த வரியோடு விசாரணை முடிந்துவிட்டது போல எல்லோரும் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். ஏன் பிடிக்கவில்லை, அது எத்தனை மாதங்களாகப் பிடிக்காமல் போய்க்கொண்டிருந்தது, யாராவது பார்த்திருந்தால் தெரிந்திருக்குமா என்று யாரும் கேட்பதில்லை. இன்று நான் முன்வைக்க விரும்பும் கருத்து இதைப் பற்றியதுதான். பழைய காரில் பிரேக் திடீரென்று போவது மிக அரிது. பெரும்பாலும் அது ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லப் போகிறது. அதன் வயதை ஆண்டுகளால் அளக்க வேண்டும். நாமோ கார் வாங்கும்போது கிலோமீட்டரால் அளக்கிறோம். சந்தையும் அப்படியே அளக்கிறது. சட்டமோ முதல் 15 ஆண்டுகளுக்கு அளப்பதே இல்லை.

பிரேக்கின் அமைப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வாதம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. நம் கால் பெடலை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டர் என்ற ஒரு குழாய்க்குள் பிஸ்டன் முன்னால் நகர்கிறது. அது பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் மெல்லிய இரும்புக் குழாய்கள் வழியாகவும், சக்கரத்துக்கு அருகே ரப்பர் ஹோஸ் வழியாகவும் போய், முன்சக்கரத்தில் டிஸ்க்கைப் பேட்கள் கவ்வும்படியும், பின்சக்கரத்தில் டிரம்முக்குள் பிரேக் ஷூ விரியும்படியும் செய்கிறது. மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்று பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் சொன்ன விதிதான் இதற்கு அடிப்படை. 1921இல் அமெரிக்காவின் டியூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களிலும் இந்த ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்தது. நூறாண்டு கடந்தும் அதே ஏற்பாடு நிற்கிறது என்றால் அதன் உறுதிக்கு வேறு சான்று தேவையில்லை. ஆனால் அந்த உறுதி ஒரு நிபந்தனையோடு வருகிறது. உள்ளே இருக்கும் திரவம் சுருங்கக் கூடாது. அதை அடைத்து வைத்திருக்கும் ரப்பர் கசியக் கூடாது. அதைச் சுமக்கும் இரும்பு துருப்பிடித்து ஓட்டையாகக் கூடாது. இந்த மூன்றும், அதாவது திரவமும் ரப்பரும் இரும்பும், கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மூப்படைகின்றன.

முதலில் திரவத்தைப் பார்ப்போம். நாம் பிரேக் ஆயில் என்று சொல்வது பெரும்பாலான கார்களில் கிளைக்கால் வகையைச் சேர்ந்த ஒரு வேதிப்பொருள். எண்ணெய் தண்ணீரை ஒதுக்கும். இதுவோ தண்ணீரை விரும்பி இழுக்கும். மழைக்காலத்தில் மூடாமல் வைத்த உப்பு ஜாடி நீர் கோத்துக்கொள்வது போல, தொட்டி மூடியில் உள்ள காற்றுத் துளை வழியாகவும், ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் காற்றின் ஈரத்தை இது வாங்கிக்கொண்டே இருக்கும். டாட் 3 என்ற தரத்திலுள்ள புதிய ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதே ஆயில் 3.7 விழுக்காடு ஈரம் வாங்கிய நிலையில் 140 டிகிரியைத் தாங்கினால் போதும் என்று அந்தத் தரமே ஒப்புக்கொள்கிறது. டாட் 4 வகைக்கு இந்த எண்கள் 230, 155. அதாவது நூறு பங்கில் நான்கு பங்கு கூட ஈரம் சேர்வதற்குள் 65 முதல் 75 டிகிரி வரை தாங்கும் சக்தி கரைந்துவிடுகிறது. கார் நிறுவனங்கள் பலவும் 2 ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான். அந்தக் கெடு எத்தனை கார்களில் கடைப்பிடிக்கப்படுகிறது என்பதை அறிய எந்தப் பழைய காரின் பானெட்டைத் திறந்தும் தொட்டியில் உள்ள ஆயிலின் நிறத்தைப் பார்க்கலாம். காப்பி நிறத்தில் இருந்தால் அது பல ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறது. (வெளிர் நிறத்தில் இருந்தாலும் நம்பிவிட முடியாது. ஈரத்துக்கு நிறம் கிடையாது. விற்பதற்கு முன் தொட்டியில் இருப்பதை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றினாலும் சக்கரத்தருகே இருப்பது பழையதுதான்.)

இந்த எண்கள் சமவெளியில் காய்கறி வாங்கப் போய்வரும்போது எந்தத் தொல்லையும் தருவதில்லை. மலையில்தான் கணக்குத் தீர்க்கப்படுகிறது. உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றே தாண்டும். ஐம்பது கிலோமீட்டர் பாதையில் ஏறக்குறைய 1,900 மீட்டர் இறக்கம். ஆட்களோடும் பெட்டிகளோடும் 1,200 கிலோ எடையுள்ள ஒரு சிறிய கார் அந்த இறக்கத்தில் கைவிடும் ஆற்றல் 22 மெகாஜூலுக்கு மேல். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் அதே காரை எழுபது முறைக்கு மேல் முழுவதுமாக நிறுத்தினால் உண்டாகும் வெப்பத்துக்கு இது சமம். அறை வெப்பநிலையில் இருக்கும் தண்ணீரில் அறுபது லிட்டருக்கு மேல் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான வெப்பம் இது. காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் இதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். செகண்ட் கியரில் இறங்கினால் இன்ஜின் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் அந்தப் பங்கும் சேர்ந்து இரண்டு டிஸ்க், இரண்டு டிரம் ஆகியவற்றின் தலையில் விழும். டிஸ்க்கில் ஏறும் சூடு, பேட் வழியாக அதை அழுத்தும் காலிப்பருக்கும், காலிப்பரிலிருந்து அதற்குள் இருக்கும் ஒரு சிறங்கை ஆயிலுக்கும் போகிறது. அந்த ஆயில் 140 டிகிரியில் கொதித்தால் நீராவிக் குமிழ் உண்டாகும். திரவம் சுருங்காது, ஆவி சுருங்கும். பெடலை மிதித்தால் குமிழ்தான் நசுங்குமே தவிர, பேட் நகராது. கால் தரைவரை போய்விடும்.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஓடும்போது காற்று பட்டு டிஸ்க் ஓரளவு ஆறிக்கொண்டே வருகிறது. அந்தப் பாதையில் பர்லியாறு போன்ற இடத்தில் டீ குடிக்க நிறுத்தினால் காற்றோட்டம் நின்று, டிஸ்க்கில் தேங்கிய சூடு முழுவதும் காலிப்பருக்குள் ஏறுகிறது. ஆயில் கொதிப்பது பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்தில்தான். நல்ல பெடலோடு வந்து நின்ற கார், கிளம்பி முதல் வளைவுக்குப் போகும்போது பெடலே இல்லாமல் போகிறது. அப்படியே தப்பித்து ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தால் ஆவி மீண்டும் திரவமாகி, பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். மெக்கானிக் வந்து மிதித்துப் பார்த்துவிட்டு, ‘பிரேக் நல்லாத்தானே இருக்கு சார்’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை. சூடு ஆறிய பிறகு மிதித்துப் பார்க்கும் சோதனைக்கு இந்தக் கோளாறு அகப்படாது. பேட் அளவுக்கு மீறிச் சூடேறிப் பிடிப்பை இழப்பது வேறு வகை. அப்போது பெடல் கெட்டியாகவே இருக்கும், கார் மட்டும் நிற்காது. இரண்டையும் வேறுபடுத்திக் கேட்டாலே காரணத்தைப் பாதி கண்டுபிடித்துவிடலாம். விபத்துக்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

அடுத்தது ரப்பர். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனில் உதடு போல விரிந்த ரப்பர் கப்கள் இருக்கின்றன. அவைதான் ஆயிலைப் பின்னால் வழியவிடாமல் தடுப்பவை. வயதானால் அவை இறுகும், உதடு தேயும். அப்போது ஆயில் வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாமல், சிலிண்டருக்குள்ளேயே கப்பைத் தாண்டிப் பின்பக்கம் போய்விடும். தொட்டியில் அளவு குறையாது, எச்சரிக்கை விளக்கும் எரியாது. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி கால்தான். இன்ஜினை ஓடவிட்டு, பெடலை மெதுவாக ஒரே அழுத்தத்தில் மிதித்து அரை நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும். நல்ல பெடல் அசையாமல் நிற்கும். கப் போன பெடல் காலுக்கு அடியில் மெல்ல, சொல்லாமல் கொள்ளாமல் இறங்கும். இதில் கொடுமை என்னவென்றால், வேகமாக ஓங்கி மிதித்தால் அதே கப் விரிந்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். சோதனை ஓட்டத்தில் ஓங்கித்தானே மிதிக்கிறோம். சிக்னலில் மெதுவாகக் கால் வைத்து நிற்கும்போதுதான் கார் முன்னால் ஊர்கிறது.

ஒழுங்காகச் செய்ய நினைத்தே இந்தக் கப்பைக் கிழிப்பவர்களும் உண்டு. பழைய காரில் பல ஆண்டுகளாகப் பெடல் பாதி தூரம்தான் போய் வந்திருக்கும். அதற்கு அப்பால் உள்ள சிலிண்டர் சுவரில், ஈரம் சேர்ந்த ஆயிலால் துருவும் கசடும் படிந்திருக்கும். குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும்போது உதவிப் பையன் பெடலைத் தரைவரை அழுத்தி அழுத்தி விட்டால், கப்பின் உதடு முதல்முறையாக அந்தச் சொரசொரப்பின் மேல் ஏறிக் கிழிகிறது. பிரேக் வேலை பார்த்து வந்த இரண்டே நாளில் பிரேக் போனது என்று சிலர் சொல்வதை மெக்கானிக்கின் அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிறோம். அடிப்படைக் காரணம் முன்பே உள்ளே படிந்திருந்த துரு. அனுபவமுள்ள மெக்கானிக்குகள் பெடலுக்கு அடியில் ஒரு கட்டையை வைத்து, முழுத்தூரம் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். பின்சக்கரத்தில் ஷூவை விரிக்கும் வீல் சிலிண்டர் கசிந்தால் அது டிரம்முக்குள் மறைந்தே கசியும். டிரம்மைக் கழற்றாமல் தெரியாது. ஹோஸின் உட்சுவர் உரிந்து தொங்கினால் ஆயில் போகும், திரும்ப வராது; ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டே இருக்கும், கார் ஒரு பக்கமாக இழுக்கும். தொட்டியில் தவறிப்போய் இன்ஜின் ஆயிலையோ ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றிவிட்டால் உள்ளே உள்ள ரப்பர் எல்லாமே ஊதிப்போகும்.

இரும்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் 1999 முதல் 2003 வரையிலான ஜெனரல் மோட்டார்ஸ் டிரக்குகளிலும் எஸ்.யு.வி.களிலும் பிரேக் குழாய் துருப்பிடித்து வெடிப்பதாக வந்த புகார்களை, அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. 2015இல், இது குறிப்பிட்ட ஒரு தயாரிப்புக் கோளாறு இல்லை, பனிக்காலத்தில் சாலையில் உப்புப் போடும் மாநிலங்களில் வயதான எல்லா நிறுவன வாகனங்களுக்கும் பொதுவான துருத் தேய்மானம் என்று சொல்லி விசாரணையை முடித்தது. திரும்ப அழைக்கும் ஆணை வரவில்லை. அடிப்பாகத்தைக் கழுவுங்கள், சோதியுங்கள் என்ற அறிவுரை வந்தது. நிறுவனத்துக்குச் சாதகமான அந்த முடிவு என் வாதத்துக்கும் சாதகமானது. குழாய் கெட்டது வயதால்தான் என்று ஓர் அரசு அமைப்பே எழுதிவைத்துவிட்டது. நம் சாலையில் உப்புப் போடுவதில்லை. ஆனால் சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஊர்களில் கடற்காற்று ஆண்டு முழுவதும் அதைச் செய்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் நாள்கணக்கில் நீரில் கிடந்த கார்கள் எங்கே போயின என்று எண்ணிப் பாருங்கள். சீட்டைக் காயவைத்து, உள்ளே வாசனை தெளித்து விற்றுவிடலாம். பிரேக் ஆயில் தொட்டிக்குள் போன வெள்ள நீரை வாசனை போக்காது.

இப்போது சந்தைக்கு வருவோம். ‘சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி, பத்து வருஷத்தில் இருபத்தஞ்சாயிரம்தான் ஓடியிருக்கு’ என்பது பழைய கார் விற்பனையில் மிக உயர்ந்த சான்றிதழ். இன்ஜினைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. பிரேக்கைப் பொறுத்தவரை அதே விவரம் எச்சரிக்கை. அதிகம் ஓடாத கார் சர்வீஸுக்கும் அதிகம் போயிருக்காது, ஏனென்றால் சர்வீஸைக் கிலோமீட்டர் பார்த்துத்தான் விடுகிறோம். அதன் காலிப்பர் பிஸ்டன் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று இறுகியிருக்கும். ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள் துருவேறியிருக்கும். ஆயிலோ காலண்டரை மட்டும் பார்த்து ஈரம் சேர்த்திருக்கும். ஆண்டுக்கு முப்பதாயிரம் ஓடிய வாடகைக் காரில் பேட் மாற்றும்போதெல்லாம் யாராவது சக்கரத்தைக் கழற்றிக் காலிப்பரையும் ஹோஸையும் கண்ணால் பார்த்திருப்பார்கள். இரண்டில் எது பத்திரம் என்றால், பிரேக்கைப் பொறுத்தவரை வாடகைக் காருக்கே என் ஓட்டு.

இதற்கு எதிராக வலுவான ஒரு வாதம் இருக்கிறது, அதை நேர்மையாகச் சந்திக்க வேண்டும். விபத்துகளில் வாகனக் கோளாறின் பங்கு மிகச் சிறியது என்பதே அது. அமெரிக்காவில் 2005 முதல் 2007 வரை 5,470 விபத்துகளை நேரில் ஆராய்ந்த ஆய்வில், கடைசிக் காரணம் ஓட்டுநர் என்று 94 விழுக்காட்டிலும், வாகனம் என்று ஏறக்குறைய 2 விழுக்காட்டிலும் பதிவாகியிருக்கிறது. அந்த 2 விழுக்காட்டில் நூற்றுக்கு 35 பங்கு டயர், 22 பங்கு பிரேக். அப்படியிருக்க இதற்காக ஒரு கூட்டம் எதற்கு என்று கேட்கலாம். இரண்டு காரணங்களால் அந்த எண் முழு உண்மையைச் சொல்லவில்லை. ஒன்று, வாகனக் கோளாறுகள் பெரும்பாலும் வெளியிலிருந்து கண்ணால் பார்த்தே கணிக்கப்பட்டவை என்று அந்த அறிக்கையே சொல்கிறது. கொதித்து ஆறிய ஆயிலும் உள்ளே வழியவிடும் கப்பும் வெளியே தெரியாதவை. இன்னொன்று, அது கணக்கிடுவது விபத்துக்கு முந்திய கடைசிக் காரணத்தை. முப்பது மீட்டரில் நிற்க வேண்டிய கார் நாற்பதில் நின்றால், பதிவேட்டில் அது ‘ஓட்டுநர் தாமதமாக மிதித்தார்’ என்றுதான் ஏறும். அரைகுறையாகப் பிடிக்கும் பிரேக்கின் குற்றத்தை ஓட்டுநரின் கால்தான் சுமக்கிறது. எண் சிறியது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மற்ற 94 விழுக்காட்டைத் திருத்த மனித இயல்பைத் திருத்த வேண்டும். இதைத் திருத்த ஒரு பாட்டில் ஆயில் போதும்.

இரண்டாவது மறுப்பு, கார்களிலேயே இதற்குக் காப்பு இருக்கிறது என்பது. 1960களிலிருந்தே மாஸ்டர் சிலிண்டரை இரண்டு தனித்தனிப் பாதைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்று போனால் இன்னொன்று பிடிக்கும். நல்ல ஏற்பாடு, பல உயிர்களைக் காத்த ஏற்பாடு. ஆனால் அது ஒரு குழாய் உடைவதற்கான காப்பு. ஒரே ஆண்டில் ஊற்றிய ஒரே ஆயில்தான் இரண்டு பாதையிலும் இருக்கிறது. முன்சக்கர இயக்கமுள்ள நம் சிறிய கார்கள் பலவற்றில் ஒவ்வொரு பாதையிலும் ஒரு முன்சக்கரம் இருப்பதால், மலையில் இரண்டும் ஒரே நேரத்தில்தான் கொதிக்கின்றன. மூப்பு ஒன்றாக வந்தால் இரட்டை ஏற்பாடு உதவாது. ஏ.பி.எஸ். 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயம். பழைய கார்கள் பலவற்றில் அது இல்லை, இருப்பவற்றிலும் அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்குமே தவிர, இல்லாத அழுத்தத்தை உண்டாக்காது. ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கிறது. நிறுத்தும்போது எடை முன்னால் சாய்வதால் பின்சக்கரத்தின் பிடிப்பு குறைகிறது. நல்ல ஓட்டுநர் கியரைக் குறைத்துச் சமாளிப்பார் என்பதும் உண்மை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ கல்லட்டியின் 36 வளைவுகளிலோ அதைச் செய்ய நேரம் கிடைக்குமா என்பது வேறு. பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குபவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் பூஸ்டரில் மிஞ்சிய வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்து, பெடல் கல்லாகிவிடும்.

மூன்றாவது மறுப்புதான் எனக்கு முக்கியமானது. பழைய கார் வாங்குபவர்கள் வசதி குறைந்தவர்கள். சோதனை, சான்றிதழ் என்று சட்டம் போட்டால் அவர்கள் தலையில்தானே விழும் என்கிறார்கள். இன்றைய நிலையைப் பாருங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகுதான் வண்டியைக் காட்டி 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வாடகை வண்டிக்கு முதல் 8 ஆண்டுகளில் 2 ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. என்ற தகுதிச் சான்று, பிறகு ஆண்டுதோறும். பிரிட்டனில் சொந்தக் காருக்கே 3ஆம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் சோதனை. ஜப்பானிலும் ஜெர்மனியிலும் 3ஆம் ஆண்டில் தொடங்கி 2 ஆண்டுக்கு ஒருமுறை. நம் நாட்டில் பத்து வயதுக் காரை வாங்கும் குடும்பம், அரசின் கண் ஒருமுறைகூடப் படாத பிரேக்கை வாங்குகிறது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து உண்டு, பதிவு எண் உண்டு. பிரேக்கைப் பற்றி ஒரு வரி கிடையாது. சோதனை இல்லாததால் அந்தக் குடும்பத்துக்குச் செலவு மிச்சமாவதில்லை. விற்றவர் செய்யாமல் விட்ட செலவு அவர்களிடம் கைமாறுகிறது, அவ்வளவுதான்.

நான் கேட்பது ஆண்டுதோறும் எல்லாக் காருக்கும் சோதனை என்றுகூட இல்லை. அது வர நாளாகும். கார் கைமாறும் அந்த ஒரு முறை, நான்கு சக்கரங்களையும் உருளைமேல் ஏற்றி ஒவ்வொன்றின் பிடிப்பையும் அளக்கும் சோதனையை வையுங்கள். சில நிமிட வேலை, அதற்கான எந்திரம் தானியங்கிச் சோதனை நிலையங்களில் இருக்கிறது. சூட்டில் கொதிக்கும் ஆயிலை அது காட்டாது என்பதால், ஆயில் கடைசியாக மாற்றிய தேதியை விற்பவர் கையெழுத்திட்டு எழுதித் தரும் ஒரு கட்டத்தைப் படிவத்தில் சேருங்கள். தேதி தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்று எழுதட்டும். வாங்குபவர் அன்றே மாற்றிக்கொள்வார், பெரும்பாலான கார்களுக்கு ஒரு லிட்டருக்குள், சில நூறு ரூபாயில் முடியும். சட்டம் வரும்வரை வாங்குபவரே இதைக் கேட்கலாம். விலை பேசும் முன் மீட்டரைப் பார்ப்பதற்குப் பதிலாக, பெடலில் அரை நிமிடம் கால் வைத்துப் பாருங்கள். இன்ஜினை அணைத்துப் பலமுறை மிதித்துவிட்டு, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே உள்ளே போனால் பூஸ்டர் வேலை செய்கிறது. பின் டிரம்மைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழற்ற மறுப்பவரிடம் அந்தக் காரை வாங்க வேண்டாம்.